ஒன்றாம் தேதி வரும் என்ற நம்பிக்கை: தொழிற்சாலை வேலையும் புதுக்கோட்டையின் நடுத்தர வர்க்கமும்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



மாவட்டத்தின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக மூன்று கணக்குகளைச் சொல்வார்கள்: எத்தனை ஆலைகள் வந்தன, எத்தனை கோடி முதலீடு வந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். மூன்றும் வேண்டிய கணக்குகள்தான். அவற்றுடன் யாரும் போடாத நான்காவது கணக்கு ஒன்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். இந்த வேலைகளில் எத்தனை ஒரு குடும்பத்தை நடுத்தர வர்க்கத்தில் நிலைநிறுத்துகின்றன, எத்தனை அந்த மாதத்தை ஓட்ட மட்டும் உதவுகின்றன?

நடுத்தர வர்க்கம் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீட்டில் டிவியும் வாசலில் வண்டியும் இருப்பதை வைத்து இன்று யாரையும் தரம் பிரிக்க முடியாது, அவை தவணையில் எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டன. பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே அவனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரிந்திருக்கிற குடும்பம், சம்பாதிப்பவர் மூன்று மாதம் படுத்துவிட்டாலும் நகை அடகுக்குப் போகாத குடும்பம், இருபது வருடத் தவணையில் வீடு கட்டத் துணிகிற குடும்பம், இவற்றைத்தான் நான் நடுத்தர வர்க்கம் என்கிறேன். வருமானத்தின் அளவைவிட அந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்க முடிகிறது என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி என் வாதம் இது: தொழிற்சாலை ஊருக்கு வந்த மாத்திரத்தில் நடுத்தர வர்க்கம் உண்டாகிவிடாது. ஒன்றாம் தேதி சம்பளம் வரும், அடுத்த வருடமும் வரும், வயதான பிறகும் ஏதோ வரும் என்ற உறுதியோடு வேலை வரும்போதுதான் உண்டாகும். அந்த உறுதி பக்கத்து மாவட்டத்தில் இருந்தபோது புதுக்கோட்டைக்காரர்கள் அங்கே போய் அதைப் பெற்றார்கள். இன்று ஆலைகள் நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டன, உறுதி வந்து சேரவில்லை. இதை ஆறு கருத்துகளாக விரிக்கிறேன்.

1. வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம்

இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உண்டு, வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. கல்லணைக் கால்வாய் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் ஓரளவு தண்ணீர் கொண்டுவந்தது. குளத்தூர், இலுப்பூர், விராலிமலை, திருமயம் பகுதிகள் மழையையே நம்பிக் கிடந்தன. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டியபோது மக்கள் அவ்வளவு ஆவலோடு கூடியதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை. மழை பொய்த்தால் இங்கே வருமானமும் பொய்க்கும்.

இந்த மண்ணில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் முதலில் சமஸ்தான ஊழியர்கள். பிறகு பள்ளி ஆசிரியர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார்களின் கடைகளில் கணக்கெழுதப் போனவர்கள் ஒரு சிறு கூட்டம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானதும், தலைநகராக இருந்த ஊர் கோட்டத் தலைமையிடமாகச் சுருங்கியது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமான பிறகுதான் அலுவலகங்களும் அரசு வேலைகளும் பெருகின. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல், அதில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, புதுக்கோட்டையின் நடுத்தர வர்க்கம் என்றால் நெடுங்காலம் அது அரசு ஊழியர், ஆசிரியர் வீடுகள்தான்.

பட்டம் படிக்காத, மானாவாரி நிலத்து விவசாயியின் மகனுக்கு என்ன வழி இருந்தது? பட்டாளம், கப்பல், இல்லையென்றால் திருச்சி.

2. பொன்மலையும் திருவெறும்பூரும் கொடுத்தது என்ன?

திருச்சி என்று சொல்லும்போது இரண்டு வாசல்களைச் சொல்கிறேன். முதலாவது பொன்மலை ரயில்வே பணிமனை, தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்து 1928-ல் நிறுவியது. இரண்டாவது செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் உற்பத்தி தொடங்கிய திருவெறும்பூர் பாய்லர் ஆலை, நாம் எல்லோரும் 'பெல்' என்று சொல்கிற பி.எச்.இ.எல். அடுத்து வந்த துப்பாக்கித் தொழிற்சாலையையும் சேர்த்துக்கொள்ளலாம். கீரனூர், மாத்தூர் பக்கத்திலிருந்து ரயிலிலும் சைக்கிளிலும், பிறகு கம்பெனி பஸ்ஸிலும் ஆட்கள் போய்வந்தார்கள்.

ஒரு வீட்டுக்கு 'பெல்' வேலை கிடைத்தால் உள்ளே என்னென்ன மாறியது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று ஒரு பத்தி இருக்கும். பி.எஃப்., எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத் தவணை, வீட்டுக் கடன். கையில் வாங்குகிற தொகை குறைந்து போவதைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பார்கள். உண்மையில் அந்தக் குடும்பத்தின் எதிர்காலம் முழுக்க எழுதியிருந்தது அந்தப் பிடித்தப் பத்தியில்தான். பெண்ணின் கல்யாணத்துக்கு பி.எஃப். கடன், மனை வாங்கச் சங்கக் கடன், ஓய்வு பெறும்போது கிராஜுட்டி. மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுத்தார், கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் வேலையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் பெயரைச் சொன்னார். சம்பளத்தைவிடப் பெரிய சொத்து, அந்தச் சம்பளத்தை நம்பி மற்றவர்கள் கொடுத்த நம்பிக்கை.

இந்த உறுதி முதலாளியின் கருணையால் வந்ததாக யாரும் எண்ண வேண்டாம். பொன்மலை பணிமனை வந்த அதே 1928-ல்தான் சிங்காரவேலர் போன்றோர் முன்னின்ற தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது, அதற்காகத் தலைவர்கள் சிறை சென்றார்கள். 1946 செப்டம்பரில் பொன்மலையில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம், 1952-ல் பி.எஃப். சட்டம், 1965-ல் குறைந்தபட்ச போனஸுக்கு வழிசெய்த சட்டம், 1972-ல் கிராஜுட்டிச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு போராட்டக் காலம் உண்டு.

வெளிநாட்டிலும் இதுதான் கதை. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1914-ல் ஒரு நாள் சம்பளத்தை ஐந்து டாலராக உயர்த்தினார். சேர்ந்த வேகத்தில் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்ததால், அவர்களை நிறுத்திவைக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் டெட்ராய்ட் தொழிலாளி சொந்த வீட்டுக்காரராக நிமிர்ந்தது, 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸும் வாகனத் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து, விலைவாசிக்கு ஏற்ற சம்பள உயர்வையும் ஓய்வூதியத்தையும் எழுத்தில் கொண்டுவந்த காலத்தில்தான். ஐந்து டாலர் ஆளைப் பிடித்து வைத்தது, ஐந்தாண்டு ஒப்பந்தம் குடும்பத்தை நிமிர்த்தியது.

3. கதவு யாருக்குத் திறந்தது?

பொதுத்துறை ஆலையின் வேலைக்கு நிலமோ சொத்தோ தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. சான்றும் போதும். 1961-ன் அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சிக்கு உள்ளே போன பையன்கள் பலர் பிறகு ஆலையிலேயே சேர்ந்தார்கள். பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு, ஊர்ப் பண்ணையாரின் தயவு இல்லாமல் மாதச் சம்பளம் தந்த முதல் இடம் பல நேரங்களில் இப்படிப்பட்ட ஆலைதான். 'பெல்' ஆலையின் கைலாசபுரம் குடியிருப்பில் யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதைத் தீர்மானித்தது பதவி, ஊர்ச் சேரி எல்லை அல்ல. தொழிற்சாலை வேலையின் சமூகப் பங்கை மதிப்பிடும்போது இதைச் சம்பளத்துக்குச் சமமாக வைக்க வேண்டும். இன்றைய தனியார் ஆலைகளில் இந்த ஒதுக்கீடு இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கதவு பெண்களுக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களை வேலை வாங்கத் தடை போட்டிருந்தது, ஷிப்டு முறை ஆலைக்கு அது ஆண்களை மட்டும் எடுக்க ஒரு நல்ல காரணமாகவும் ஆனது. இதே மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கே எடுத்தார்கள். அவ்வளவு துணிந்த பெண்களுக்கு நிரந்தர ஆலை வேலை என்ற ஏணி மட்டும் எட்டவில்லை.

உற்பத்தி செய்தாலே வாழ்வு உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் ஒரு நிமிடம் இறங்கிப் பார்க்கலாம். முந்திரிக் கொட்டையை வறுத்து, கையாலேயே உடைத்து, தோல் நீக்கிச் சாலையோரத்தில் விற்கிற பெண்கள் மூலப்பொருளை வாங்கி மதிப்புக் கூட்டி விற்கிறார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகப்படி அது உற்பத்தித் தொழில். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துப் புண்ணாகும். வண்டி நின்றால் வியாபாரம், நிற்காவிட்டால் இல்லை. திறமைக்கும் உழைப்புக்கும் அங்கே குறைவே இல்லை. நாளைய வருமானம் இன்று தெரியாது என்ற ஒரே காரணத்தால் அந்தத் தொழிலில் எத்தனை வருடம் இருந்தாலும் குடும்பம் ஒரு படி ஏறுவது கடினம்.

4. கைத்திறன் என்ற ஏணி

'பெல்' நேரடியாக வேலை கொடுத்ததைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தது என்பேன். ஒரு வட்டாரத்துக்கே வெல்டிங் கற்றுக்கொடுத்தது. 1975-ல் ஆலை வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. துவாக்குடியிலும், நம் மாவட்ட எல்லைக்குள் மாத்தூரிலும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் வரிசையாக எழுந்தன. அவற்றைத் தொடங்கியவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்கள்.

இந்தத் திறன் லேசானதல்ல. புதிய அனல் மின் நிலையத்தின் பாய்லர் குழாய்க்குள் நீராவி 220 பார் அழுத்தத்துக்கும் மேல் நிற்கிறது, உங்கள் கார் டயரில் அடைத்திருக்கும் காற்றைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. 1950-ன் இந்திய பாய்லர் விதிகளின்படி சோதனையில் தேறியவர்தான் அந்தக் குழாயில் கை வைக்கலாம். '6ஜி' என்று சொல்கிற சோதனையில் குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். குழாயைச் சுழற்றக்கூடாது, ஆள்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அடிப்பக்கம் தலைகீழாக, பக்கவாட்டில் செங்குத்தாக, மேலே குனிந்து, ஒரே சீராகப் பற்ற வைக்க வேண்டும். முதல் சுற்று ஆர்கான் வாயுவில், அடுத்த சுற்றுகள் ராடில். அந்த ராடில் ஈரம் ஏறினால் பின்னால் விரிசல் விடும் என்பதால் சூட்டிலேயே வைத்து எடுப்பார்கள். முடிந்ததும் எக்ஸ்ரே. படத்தில் ஒரு புள்ளி அளவுக்கு மீறித் தெரிந்தால் தோல்வி.

இந்தச் சோதனையில் தேறிய கீரனூர்ப் பையனும் விராலிமலைப் பையனும் மாத்தூரில் வேலை பார்த்தார்கள், சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் மின் நிலையம் கட்டப் போனார்கள், வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளுக்கும் சிங்கப்பூரின் கப்பல் கட்டும் தளங்களுக்கும் போனார்கள். ஹெல்ப்பராகச் சேர்ந்தவர் காஸ் கட்டர் ஆகி, ஃபிட்டர் ஆகி, வெல்டர் ஆகி, சூப்பர்வைசர் ஆகிற படிவரிசை கண்ணுக்குத் தெரிந்தது. சேவைத் துறையின் பல வேலைகளில் இந்தப் படிவரிசை இல்லை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் பத்து வருடம் கழித்தும் அதே பார்சலைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். பிளஸ் டூவோடு நிற்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிற மாவட்டத்துக்கு உற்பத்தித் தொழில் ஏன் இன்னும் தேவை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

5. ஒரே தூணில் நின்ற கூரை

இந்த ஏணிக்கு ஒரு பலவீனம் இருந்தது. யூனிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே வாடிக்கையாளரை நம்பி இருந்தன. இரும்பை ஆலையே கொடுத்துவிடும். வெட்டி, வளைத்து, பற்ற வைத்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. தொடங்குவதற்கு எளிது, முதல் குறைவு. ஆனால் சந்தையைத் தேடும் பழக்கமும் சொந்தப் பொருளும் அவர்களுக்கு உருவாகவில்லை.

பதினோராவது, பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அனல் மின் நிலையங்கள் மளமளவென்று வந்தன. யூனிட்டுகள் வங்கிக் கடன் வாங்கிப் புதுக் கொட்டகை போட்டன, கிரேன் வாங்கின. 2013 ஆகஸ்டில் திருமயத்தில் 'பெல்' நிறுவனத்தின் மின் நிலையக் குழாய் ஆலையைப் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மறு ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. ஏற்கெனவே தேவைக்கு மேல் நிலையங்கள் கட்டியாகிவிட்டது, மின் வாரியங்கள் கடனில் தத்தளித்தன, சூரிய மின்சாரம் மலிந்தது. புது பாய்லருக்கு ஆர்டர் வறண்டது. டெல்லியிலும் சந்தையிலும் நடந்த மாற்றத்தின் அதிர்ச்சி மாத்தூர்க் கொட்டகைகளில் ஷிப்டு குறைப்பாக இறங்கியது. கடன் வாராக் கடனானது, சில கொட்டகைகளின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அப்போது நிரந்தரத் தொழிலாளிக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு பட்டவர்த்தனமானது. ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு ஓவர்டைம் போயிற்று, ஊக்கத்தொகை குறைந்தது, சம்பளம் நிற்கவில்லை. யூனிட் தொழிலாளிக்கு வேலையே நின்றது. ஒரே வெல்டிங்கைச் செய்த இரு கைகளில் ஒன்று தாங்கியது, மற்றது ஊரை விட்டுக் கிளம்பியது. சத்தீஸ்கரின் பிலாய் எஃகு நகரத்தில் பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜோனதன் பாரி 2020-ல் வெளியிட்ட நூலில், நிரந்தரத் தொழிலாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒரே வர்க்கமாகப் பார்ப்பது தவறு, வாழ்க்கை முறையிலும் பிள்ளைகளின் வாய்ப்பிலும் அவர்கள் இரு வேறு வர்க்கங்கள் என்ற முடிவுக்கு வருகிறார். திருச்சி, புதுக்கோட்டை எல்லையிலும் அதை அப்படியே காணலாம்.

கடந்த சில ஆண்டுகளாக அனல் மின் ஆர்டர்கள் மறுபடி வரத் தொடங்கியுள்ளன. நல்ல செய்திதான். ஆனால் நல்ல வெல்டர்கள் பலர் வெளியே போய்விட்டார்கள். போனவர்கள் இந்தச் சம்பளத்துக்கு, இந்த நிச்சயமின்மைக்குத் திரும்பி வருவார்களா என்பது யூனிட் நடத்துவோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

6. ஆலை வந்தது, வேலையின் குணம் மாறியது

இப்போது நம் மாவட்டத்துக்குள் வருவோம். விராலிமலையில் எஃகு வார்ப்பாலை இருக்கிறது, ஐ.டி.சி.யின் நுகர்பொருள் ஆலை இருக்கிறது. காலையில் நெடுஞ்சாலையில் நின்றால் சீருடை அணிந்த இளைஞர்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி வண்டிகள் போவதைப் பார்க்கலாம். இருபது வருடத்துக்கு முன் இப்படி ஒரு காட்சி இங்கே இல்லை. இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நாடு முழுவதும் நடந்திருக்கிற ஒரு மாற்றத்திலிருந்து நம் மாவட்டம் மட்டும் தப்பியிருக்க முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு பெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் கான்ட்ராக்ட் ஆள். 2022-23 தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் அது ஐந்தில் இருவருக்கும் மேல். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு குறிப்பிட்ட கால வேலை என்ற முறைக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்த இரு எந்திரங்களில் இருவர் நிற்கிறார்கள், இருவருக்கும் மாதம் 18,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் கம்பெனி ரோலில் இருக்கிறார், மற்றவர் கான்ட்ராக்டரின் ஆள். வீட்டுக் கடன் கேட்டு இருவரும் வங்கிக்குப் போகிறார்கள். மேலாளர் சம்பளச் சீட்டு கேட்கிறார், எத்தனை வருடச் சர்வீஸ் என்கிறார், ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்கிறார். முதல் ஆளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. இரண்டாம் ஆளுக்குக் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் வேலை கொடுப்பவரின் பெயரே மாறுகிறது. கிராஜுட்டிக்கு வேண்டிய ஐந்து வருடம் எந்தக் கான்ட்ராக்டரிடமும் நிறைவதில்லை. அவர் மனைவி குழுக் கடன் வாங்குகிறார், வாரா வாரம் தவணை. நகைக் கடன் ஒரு வருடம். முதல் குடும்பத்தின் கடனுக்கு இருபது வருட ஆயுள், இரண்டாம் குடும்பத்தின் கடனுக்கு ஏழு நாள். சம்பளம் ஒன்றுதான், வர்க்கம் வேறு. என் மொத்த வாதமும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இது பெருமைக்குரியது. நம் கிராமங்களிலிருந்தும் பெண்கள் திருப்பூருக்கும் திண்டுக்கல் நூற்பாலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். ஆனால் விடுதியில் தங்கி, இரண்டு மூன்று வருடம் உழைத்து, கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான் அந்த வேலை என்று நிறுவனமும் குடும்பமும் சேர்ந்தே தீர்மானித்துவிடுகின்றன. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் இருபத்தைந்து வயதிலேயே முன்னாள் தொழிலாளி ஆனார்கள். 2021 டிசம்பரில் அதே வட்டாரத்தில் விடுதிச் சாப்பாடு கெட்டதற்காக ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். வேலை இளமையை மட்டும் வாங்கிக்கொள்கிறது, வாழ்க்கைக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற கோபம் அதில் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் பாருங்கள், சிங்கப்பூர்ப் பணத்திலும் வளைகுடாப் பணத்திலும் மாடி வீடுகள் எழவில்லையா, அதுவும் நடுத்தர வர்க்கம்தானே என்பார்கள். அந்தப் பணம் இந்த மாவட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, மறுக்கவே முடியாது. ஆனால் ஸ்கில் டெஸ்ட் அடித்து, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துப் போகிறவரின் வேலை பெர்மிட்டோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் அடுத்த வருடம். வீடு எழும்புகிறது, அப்பா வீட்டில் இல்லை. பிள்ளை படித்துவிட்டு அதே பெர்மிட்டுக்கு வரிசையில் நிற்கிறான் என்றால் அந்தக் குடும்பம் பணம் சேர்த்திருக்கிறது, படி ஏறவில்லை.

இன்னொரு மறுப்பு பொருளாதார அறிஞர்களிடமிருந்து வரும். வளரும் நாடுகள் பணக்கார நாடுகளாவதற்கு முன்பே தொழில்துறையிலிருந்து விலகத் தொடங்கிவிட்டன என்று டானி ராட்ரிக் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதினார். எந்திரம் வருகிறது, ஆள் குறைகிறது, பழைய காலம் திரும்பாது என்பார்கள். திருவெறும்பூர் போன்ற ஆலை இன்னொன்று வரும் என்று நானும் சொல்லவில்லை. ஆட்கள் குறைவாகத்தான் தேவைப்படுவார்கள் என்றால், எடுக்கிற அந்தச் சில பேரையாவது உறுதியோடு எடுக்க நிறுவனத்துக்கு என்ன தடை? எந்திரம் விலை உயர உயர அதைக் கையாளுகிறவரின் திறனும் விலை உயர்ந்தது. வருடத்துக்கு ஒரு ஆளை மாற்றி அதை வளர்க்க முடியாது.

இனிச் செய்ய வேண்டியவை என்று நான்கைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கையில் இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துவது. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. வருகைப் பதிவு ஆலையில் இருக்கிறது, தொழிலாளியிடம் இல்லை. வேலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் நாட்கணக்கைத் தானே எழுதி வைக்கட்டும். சம்பளச் சீட்டையும் பி.எஃப். எண்ணையும் முதல் மாதமே கேட்டு வாங்கட்டும்.

இரண்டு, சிறு யூனிட்டுகளுக்குப் பணம் காலத்தில் வர வேண்டும். 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ன் சிறு, குறுந்தொழில் சட்டம் சொல்கிறது. பில் பாஸ் ஆகக் காத்திருக்கும் யூனிட்காரரால் தன் தொழிலாளிக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்க இயலாது. மேலே தாமதமானால் கீழே பட்டினி. ஒரே வாடிக்கையாளரை விட்டு ரயில்வே, பாதுகாப்புத் துறை, காற்றாலை என்று யூனிட்டுகள் சேர்ந்து சந்தை தேடுவதும் இதன் பகுதி.

மூன்று, திறனுக்கான சான்று தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். பாய்லர் வெல்டருக்கு இருப்பதுபோல எந்திரம் இயக்குபவர், பராமரிப்பவர், தரம் பார்ப்பவர் ஆகியோருக்கும் எந்த ஆலையும் ஏற்கிற சான்று இருந்தால், ஒரு கம்பெனி மூடினாலும் அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் ஐ.டி.ஐ.களை இதற்காகவே புதுப்பிக்கலாம்.

நான்கு, திருமணமான பெண்ணும் நீடிக்கக்கூடிய வேலையாக அதை மாற்றுவது. விடுதியைவிட ஊரிலிருந்து ஷிப்டுக்கு ஏற்ற பஸ், ஆலைக்குள் குழந்தைகள் காப்பகம், பிரசவத்துக்குப் பின் அதே எந்திரத்துக்குத் திரும்பும் உரிமை. ஒரு வீட்டில் இரு நிரந்தரச் சம்பளம் வரும் நாளில் புதுக்கோட்டையின் வர்க்கக் கணக்கே மாறிவிடும்.

மாணவர்களே, புதிய ஆலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் செய்தி அடிக்கடி வரும். வந்தால் மகிழுங்கள், நானும் மகிழ்வேன். முதலீடு எத்தனை கோடி என்பதை நாளிதழே சொல்லிவிடும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதில் எத்தனை பேர் 481-வது நாளும் கம்பெனியின் சொந்தப் பதிவேட்டில் இருப்பார்கள்? மாவட்ட நிர்வாகம் அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், சங்கத்திடம் கேளுங்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நிறுவனத்திடமும் தயங்காமல் கேளுங்கள். அந்த எண் உயர்ந்தால் இந்த மாவட்டம் வளர்கிறது. அது உயராமல் ஆலைகளின் எண்ணிக்கை மட்டும் உயர்ந்தால், வளர்வது வேறு யாரோ.